கரைக்குத் திரும்பிய படையல்

என் மகள் மழலையர் பள்ளியில் கடலைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. ஆசிரியை காட்டிய படத்தில் ஓர் ஆமையின் மூக்கில் உறிஞ்சுகுழல் செருகியிருந்ததாம். அன்று மாலை நான் குழல் போட்டுக் குடித்துக்கொண்டிருந்த தே ஐஸை அவள் பார்த்த பார்வையிலேயே, அந்தக் குழலைச் செருகியது யார் என்பது முடிவாகிவிட்டது. அவளை விட வேகமாக நான் அதை நம்பினேன். உலகத்தில் எது கெட்டுப்போனாலும் "உன்னால்தான்" என்று யாராவது சொன்னால் போதும், எப்போது செய்தேன் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன். குழந்தை பிறந்த பிறகு அந்தக் குணம் இன்னும் முற்றிவிட்டது.

அதன்பிறகு நான் திருந்தினேன். திருந்துவது அவ்வளவு சுலபமில்லை என்று தெரிந்துகொள்ளும் அளவுக்குத் திருந்தினேன்.

ஈப்போவில் எங்கள் வீட்டுப் பக்கத்து மாமாக் உணவுக்கடைக்குத் தூக்குச்சட்டியோடு போனேன். பொட்டலம் வேண்டாம், குழம்பை இதிலேயே ஊற்றுங்கள் என்று கடைக்கார அண்ணனிடம் கேட்டேன். அவர் பெருமையாகத் தலையாட்டிவிட்டு, குழம்பை ஒரு பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ரப்பர் வளையம் போட்டு இறுக்கி, அந்தப் பையைப் பத்திரமாக என் தூக்குச்சட்டிக்குள் வைத்தார்.

"அப்பத்தான் சிந்தாதுலா அக்கா," என்றார்.

அவருடைய அக்கறையைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து பையைப் பிரித்துக் குழம்பைச் சட்டியில் ஊற்றிவிட்டு, மகள் வருவதற்குள் பையைக் கழுவி மடித்து ஒளித்து வைத்தேன்.

பாசாரில் மீன் வாங்கும்போதும் அப்படித்தான். குஞ்சு மீன்களைப் பிடித்தால் கடல் காலியாகிவிடும், முட்டையிட்டு முடித்த மீனாகப் பார்த்து வாங்க வேண்டும் என்று எங்கள் அம்மாக்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்திருந்தது. மீன்கார அண்ணனிடம் ஒவ்வொரு மீனாகக் காட்டி, இது வளர்ந்ததா, இன்னும் வளருமா என்று கேட்டுக்கொண்டு நின்றேன். என் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "என்னாக்கா, இதுக்குக் கல்யாணம் பேசப் போறீங்களா?" என்றார். அன்று நாங்கள் சாம்பார் வைத்தோம்.

துணிப்பைகள் பெருகின. கடலைக் காப்பாற்றும் கூட்டம் எதற்குப் போனாலும் ஒரு துணிப்பை கொடுத்துவிடுகிறார்கள். அவற்றை வைக்க இடமில்லாமல், கடைசியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி வாங்கி அதற்குள் போட்டு வைத்திருக்கிறேன்.

குரங்குகளைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். குகைக்கோவில் படிக்கட்டில் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுப்பதைப் புண்ணியமாக நினைக்கிறவர் என் கணவர். நான் அவர் கையிலிருந்தே பழத்தைப் பிடுங்கியிருக்கிறேன். காட்டு விலங்குக்கு நாம் சோறு போட்டால் அது இரை தேடுவதை மறந்துவிடும், பிறகு மனிதர்கள் மேல் பாயும், பாய்ந்தால் அதையே பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று மகளுக்கு விளக்கினேன். அவள் அதைத் தனக்குப் புரிந்தபடி சுருக்கிக்கொண்டாள். படிக்கட்டில் பழத்தோடு யாரைப் பார்த்தாலும், "குடுக்காதீங்க, அப்புறம் அது வேலைக்குப் போகாது," என்பாள்.

இப்படி நாங்கள் ஊரைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் ஆடி அமாவாசை வந்தது.

என் மாமனார் இறந்து, ஆண்டுத் திதியும் முடிந்தபிறகு வந்த முதல் ஆடி அமாவாசை அது. அவர் சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் இளவயதில் ரப்பர் பால்மரம் வெட்டியவர். அந்தக் கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்தபிறகு அங்கேயே ஜாகாவாகக் காவல் வேலை பார்த்தார். தொழிலாளர் லயங்களை இடித்தபோது கிடைத்த சிறிய வீட்டில்தான் என் அத்தை, அதாவது மாமியார், இன்னும் இருக்கிறார். கணவரின் அண்ணன் குடும்பம் அடுத்த தெரு.

மாமாவுக்கு இனிப்பு நீர் வியாதி. காலில் ஆறாத புண். டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லியிருந்தார். மாமா எல்லாவற்றையும் நிறுத்தினார், ஸ்டவுட் பீரைத் தவிர. ஒரு நாள் சாயங்காலம் அரிசி டின்னுக்குள் அவர் புதைத்து வைத்திருந்த டின் அத்தையின் கையில் அகப்பட்டுவிட்டது. இன்று ஒரு நாள் மட்டும் என்று அவர் கெஞ்சினாராம். அத்தை அவர் கண் முன்னாலேயே அதை உடைத்துச் சிங்க்கில் ஊற்றியிருக்கிறார். மாமா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டார். விடிந்தபோது அந்த முகம் அப்படியே சுவரைப் பார்த்தபடி இருந்தது.

அத்தை செய்தது சரி என்று டாக்டர் சொன்னார், பிள்ளைகள் சொன்னார்கள், நானும் சொன்னேன். காரியம், திதி எல்லாம் பூசாரி சொன்னபடி சைவமாக நடந்து முடிந்தன. அவற்றில் ஸ்டவுட்டுக்கு இடமில்லை. அதனால் அத்தை ஆடி அமாவாசைக்காகக் காத்திருந்தார். அன்றைக்கு லூமுட் பக்கத்துக் கடற்கரையில் பூசாரி எள்ளும் தண்ணீரும் விட்டு முடித்தபிறகு, தோட்டத்துக் குடும்பங்கள் தங்கள் வழக்கப்படி இன்னொரு படையல் போடும். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்துக் கடலில் விடுவார்கள். அது உள்ளே போய்விட்டால் அவர் ஏற்றுக்கொண்டார். கரைக்குத் திரும்பினால் அவர் மனம் ஆறவில்லை.

"அன்னிக்குத்தான் குடுக்கல. இன்னிக்காச்சும் அவரு குடிக்கணும்," என்று அத்தை என்னிடம் போனில் சொன்னபோது நான் செய்திருக்க வேண்டியது, சரி அத்தை என்று சொல்வது மட்டும்தான்.

நான் வேறொன்று கேட்டேன். எதில் வைத்து விடுவீர்கள் என்று கேட்டேன்.

எப்போதும் போலத்தான். சாப்பாடு போலிஸ்திரின் நுரைப்பெட்டியில். டின் அப்படியே. சிகரெட் பெட்டி பக்கத்தில். எல்லாவற்றையும் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு, உள்ளே ஒரு கல் வைத்து, முடிச்சுப் போட்டு வீசுவது. கல் கட்டிய பை ஒருநாளும் கரைக்குத் திரும்பியதில்லை. அந்தக் கடற்கரையில் மனம் ஆறாத முன்னோர் என்று யாருமே கிடையாது.

போனைக் கீழே வைத்தபோது மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டி கடலில் பிளாஸ்டிக் பை போடப்போகிறாரா என்று கேட்டாள். நான் எப்படி இல்லை என்பது?

பேச்சுவார்த்தை பல நாள் நடந்தது. அத்தையோடு இல்லை, நான் அத்தான் என்று கூப்பிடும் கணவரின் அண்ணனோடு. அவர் லாரி ஓட்டுகிறவர், நான் காம்பார் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவள். நான் எதைச் சொன்னாலும் அதில் எவ்வளவு காம்பார் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார். பிளாஸ்டிக் வேண்டாம், போலிஸ்திரின் வேண்டாம், டின்னும் வேண்டாம், ஸ்டவுட்டைத் திறந்துதான் ஊற்ற வேண்டும் என்றேன்.

"அப்ப எங்கப்பா கையில ஏந்தியா குடிப்பாரு?" என்றார்.

"சிரட்டையில ஊத்தலாம், அத்தான்."

"சிரட்டையில. கள்ளுக்கடைன்னு நெனச்சுக்கப் போறாரு."

சிகரெட்டின் நுனியில் இருக்கும் பஞ்சும் ஒருவகைப் பிளாஸ்டிக்தான் என்பதையும் நான் சொல்ல வேண்டியிருந்தது. அதைக் கத்தரித்துவிட்டு வைக்கலாம் என்றேன். போனில் அத்தான் லாரி எஞ்சினை அணைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், "உசுரோட இருந்தப்ப அவர யாரும் இவ்ளோ அக்கறையா பாத்துக்கலம்மா," என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளலாமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. என் கணவர் இந்தப் பேச்சுகளின்போதெல்லாம் வெளியே போய்க் கார் டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதத்தில் எங்கள் டயர்களில் காற்று குறைந்ததே இல்லை.

வாழையிலை போதும் என்று அத்தை சொன்னார். அத்தோடு நான் விட்டிருக்கலாம். ஆனால் வாழையிலை மடங்கும், சிரட்டை சாயும், ஸ்டவுட் கொட்டும், மறுபடியும் அவர் கண் முன்னால் அது கொட்டியதாகிவிடும் என்று எனக்குப் பயம். எனவே பாக்கு மட்டைத் தட்டுகளை இணையத்தில் வாங்கினேன். மட்கக்கூடியவை, உறுதியானவை, தண்ணீரில் ஊறாதவை என்று விளம்பரம் சொன்னது. கடைசி வார்த்தையை நான் சரியாக யோசிக்கவில்லை. தட்டுகள் கடல் தாண்டி, எங்கள் முன்னோர் ஊரிலிருந்து வந்தன. ஒவ்வொரு தட்டும் தனித்தனியே பிளாஸ்டிக் உறைக்குள், எல்லாம் சேர்ந்து குமிழிப் பிளாஸ்டிக்கில் சுற்றி, பெட்டிக்குள் பெட்டியாக. மகள் அந்தக் குமிழிகளை ஒரு மாலை முழுவதும் உடைத்து மகிழ்ந்தாள். அவள் மன்னிக்கிற ஒரே பிளாஸ்டிக் அதுதான்.

அமாவாசையன்று காலை கடற்கரை திருவிழாப் போல இருந்தது. பந்தலுக்குள் பூசாரி ஒலிபெருக்கியில் மந்திரம் சொல்ல, குடும்பங்கள் வரிசையாக உட்கார்ந்து திரும்பச் சொன்னார்கள். தூரத்தில் கடற்படைக் கப்பல் ஒன்று எங்களைக் கண்டுகொள்ளாமல் நின்றது. எள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில், தர்ப்பை இன்னொன்றில், பச்சரிசி மாவு மற்றொன்றில், மூன்றும் சேர்ந்து இன்னொரு பையில். எங்களுடையதையெல்லாம் நான் துணிப்பைக்குள் சேகரித்துக்கொண்டேன். பக்கத்துக் குடும்பத்தின் பைகளையும் எடுக்கலாமா என்று தயங்கினேன். துக்கத்தில் இருப்பவர்களிடம் குப்பை கேட்பது மரியாதையா என்று முடிவு செய்வதற்குள் அவர்கள் அவற்றைக் கடலில் போட்டுவிட்டார்கள்.

மகள் கையுறையும் இடுக்கியுமாக வந்திருந்தாள். மிதக்கிற எதையும் எடு என்று நான்தான் சொல்லி அழைத்து வந்திருந்தேன். கணுக்கால் தண்ணீரில் நின்று அவள் ஒரு மாலையை இழுத்துக் கரையில் போட்டாள், அப்புறம் ஒரு தேங்காய் மூடியை. மூன்றாவதாக எதையோ பிடித்தபோது ஒரு பெண்மணி ஓடி வந்து, "பாப்பா, விடும்மா, அது எங்கப்பாவோடது," என்றார். மகள் இடுக்கியை விடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, இது குப்பையா, சாமியா?"

நானே அதை வாங்கித் தண்ணீரில் விட்டுவிட்டு, அந்தப் பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மகள் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். நான் கடலில் ஒரு பொருளைப் போட்டதை அவள் பார்த்துவிட்டாள்.

பூசாரி முடித்தார். எங்கள் பெரிய படையல் தொடங்கியபோது நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை விடியற்காலையில் எழுந்து சமைத்திருந்தார். சோறு, ஆட்டுக்கறி வறுவல், பொரித்த கெம்போங் மீன், அவித்த முட்டை, உளுந்து வடை. நுனி கத்தரித்த சிகரெட்டுகள் பூச்சியின் கால்களைப் போல ஒரு மூலையில் கிடந்தன. பாக்கு மட்டைத் தட்டின் நடுவில் சோற்றைக் குவித்து அதில் சிரட்டையைப் பதித்து, அத்தை தன் கையால் டின்னை உடைத்து ஊற்றினார். நுரை தணியும்வரை காத்திருந்து, மறுபடியும் விளிம்புவரை ஊற்றினார். எவ்வளவு நிதானமாக! ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

அண்ணனும் தம்பியும் இடுப்பளவு தண்ணீருக்குள் போய்த் தட்டை விட்டார்கள். அது மிதந்தது. அப்படியொரு மிதப்பை நான் பார்த்ததில்லை. தெப்பத் திருவிழாவில் சாமி போவதைப் போல, ஒரு பக்கமும் சாயாமல், நுரையோடு உள்ளே போனது. அத்தை கண்ணை மூடிக் கும்பிட்டார். குழுவில் போடுவதற்கு ஒரு படம் எடுக்கலாமா, எடுத்தால் அது தவறா என்று யோசித்தேன்.

பிறகு அது நின்றது. கொஞ்சம் சுழன்றது. அடுத்த அலையில் எங்களை நோக்கித் திரும்பியது.

அத்தான் தள்ளிவிட்டார். வந்தது. இன்னும் உள்ளே போய், கையால் அலையடித்து அனுப்பினார். அதுவும் பொறுமையாகப் போய், பொறுமையாகத் திரும்பியது. உறுதியான, ஊறாத தட்டு. எங்கள் இருபுறமும் கல் கட்டிய சிவப்புப் பைகள் தொப்பென்று விழுந்து மறைந்துகொண்டிருந்தன. மற்ற வீட்டு அப்பாக்கள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். எங்கள் தட்டு மட்டும் அத்தையின் காலடியில் வந்து, அவர் விரலைத் தொட்டு நின்றது. சிரட்டையில் ஸ்டவுட் அப்படியே இருந்தது.

அத்தை மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் மொகத்தத் திருப்பிக்கிட்டுத்தான் இருக்காரு," என்றார். அழவில்லை. எதிர்பார்த்த செய்தி வந்து சேர்ந்ததைப் போலச் சொன்னார்.

தட்டுத்தான் காரணம் அத்தை, மாமா இல்லை, அலை கரைப்பக்கம் அடிக்கிறது, இந்தத் தட்டு மூழ்காது என்று நான் சொன்னேன். காம்பாரில் படித்த மிதவை விதிகள் எல்லாம் எனக்கு நினைவிருந்தன. அத்தை கேட்டுக்கொண்டார். "அதில்லம்மா. அவரு வேணுமின்னா எடுத்துருப்பாரு. வேணாம்," என்றார். அத்தானிடமிருந்து ஒரு கிண்டலை எதிர்பார்த்தேன். அதுவாவது வந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தட்டை எடுத்து, கரையோர மரத்தின் வேர்மேல் பத்திரமாக வைத்தார். பிறகு கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பையை எடுத்தார். நான் எப்படியும் தோற்பேன் என்று தெரிந்தே கொண்டுவந்திருக்கிறார்.

"நீ சொல்லும்மா. நீ சொன்னா செய்யிறேன்."

என் கணவரைப் பார்த்தேன். அங்கே டயர் எதுவும் இல்லாததால் அவர் கப்பலைப் பார்த்தார்.

என் மகள் இடுக்கியோடு நின்றாள். ஆமையின் மூக்கு எனக்கு நினைவு வந்தது. அந்தப் பை எத்தனை தலைமுறைக்கு அங்கே கிடக்கும் என்பதும் நினைவு வந்தது. மணலில் உட்கார்ந்திருந்த அத்தையின் முதுகையும் பார்த்தேன். இன்று இவரை இப்படியே வீட்டுக்கு அழைத்துப் போனால், சுவரைப் பார்த்த அந்த முகத்தோடுதான் இவர் மீதி நாளெல்லாம் இருப்பார்.

"கல்லு கொஞ்சம் பெருசா பாருங்க, அத்தான்," என்றேன்.

மகள் இடுக்கியைக் கீழே வைத்தாள். எந்தத் திட்டும் என்னை அப்படிச் சுட்டதில்லை.

அத்தானும் என் கணவரும் கல் தேடிப் போனார்கள். மணல் கடற்கரையில் கல் கிடைப்பது கடினம். நல்ல கற்களையெல்லாம் மற்றவர்கள் காலையிலேயே எடுத்து முடித்திருந்தார்கள். அந்த இடைவெளியில்தான் மரத்தின் மேலே சலசலப்புக் கேட்டது.

பெரிய ஆண் குரங்கு. தாடியோரம் நரைத்திருந்தது. அவசரமில்லாமல் இறங்கி வந்து, வேரில் உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அதற்கு இரண்டடி தள்ளித்தான், குரங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகை நின்றது.

"அம்மா, குரங்கு! விரட்டுங்க!" என்று மகள் கத்தினாள். நான் குடையை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். குறைந்தபட்சம் இந்த ஒரு விஷயத்திலாவது என் மகள் முன்னால் சரியாக நடந்துகொள்ள எனக்கு வாய்ப்புக் கிடைத்ததே என்ற வேகம். குடையை ஓங்கினேன்.

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை.

"பேசாம இரு."

குரங்கு சோற்றைத் தொடவில்லை. கறியையும் மீனையும் முகர்ந்துவிட்டு முட்டையை எடுத்தது. முழுதாக வாயில் போட்டுக்கொண்டது.

"மொதல்ல முட்ட," என்றார் அத்தை மெதுவாக. "எப்பவும் மொதல்ல முட்டதான் எடுப்பாரு."

குரங்குகள் முட்டையை விரும்புவது இயற்கை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருந்த முதல் முறை அதுவாக இருக்கலாம்.

பிறகு அது வடையைக் கொஞ்சம் கடித்து வைத்தது. சிகரெட் ஒன்றை எடுத்துப் பார்த்து, நுனி இல்லாததாலோ என்னவோ, தூக்கி எறிந்தது. கடைசியாகச் சிரட்டைக்குள் விரலை விட்டு நக்கியது. யோசித்தது. இரண்டு கையாலும் சிரட்டையைத் தூக்கிக் குடித்தது. தலையைப் பின்னால் சாய்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, சிரட்டையை இறக்கி, நுரை ஒட்டிய முகத்தை நேராக அத்தையின் பக்கம் திருப்பியது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்துட்டாரு," என்றார் அத்தை. அப்போதுதான் அழுதார்.

கல்லோடு திரும்பி வந்த அத்தான் கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டார். குரங்கு மரமேறிப் போனபிறகுதான் கிட்ட வந்து, கல்லை மணலில் போட்டார். "ஸ்டவுட்ட மட்டும் மிச்சமே வைக்கல பாரு," என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

மகள் விடுவதாக இல்லை. குரங்குக்குச் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று அம்மாதானே சொன்னார்கள், இப்போது பாட்டி கொடுத்துவிட்டாரே, அது இனி வேலைக்குப் போகாதே என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். அத்தை முந்திக்கொண்டார்.

"நாம எங்கம்மா குடுத்தோம்? அவரா எடுத்துக்கிட்டாரு."

மகள் அதை மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். பள்ளியில் சொன்ன எந்த விதியையும் அது மீறவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். இடுக்கியை மறுபடி எடுத்தாள். அவள் சேர்த்த குப்பைக்குப் பை போதவில்லை. அத்தான் தன்னிடமிருந்த சிவப்புப் பையை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். அந்தக் கடற்கரையில் அன்று கடலுக்குள் போகாத சிவப்புப் பை அது ஒன்றாகத்தான் இருக்கும்.

திரும்பும் வழியில் அத்தை காரிலேயே தூங்கிவிட்டார். அவர் பகலில் தூங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. நான் முன்சீட்டில் உட்கார்ந்து, ஸ்டவுட் குரங்கின் ஈரலுக்குக் கெடுதலா என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன். அது மரத்திலிருந்து தவறி விழுந்தால்? ருசி கண்டுவிட்டு நாளைக்கு உல்லாசப் பயணிகளின் டின்களைப் பறித்தால்? பறித்து, கடித்துவிட்டு, பிடிபட்டால்? என் கணவர் சாலையைப் பார்த்தபடியே, "அப்பா தாங்குவாரு. பழகுனதுதானே," என்றார்.

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து ஆசிரியை கூப்பிட்டார். வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்று வகுப்பில் கேட்டபோது என் மகள் எழுந்து, தாத்தா கடற்கரையில் மரத்துக்கு அடியில் உட்கார்ந்து பீர் குடித்தார், அம்மா குடையால் அடிக்கப் போனார், பாட்டி தடுத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறாள். வீட்டில் எல்லாம் நலம்தானே என்று ஆசிரியை மிகவும் கனிவாகக் கேட்டார். எல்லாம் நலம், தாத்தா இறந்துவிட்டார் என்றேன். அது உதவவில்லை.

பாக்கு மட்டைத் தட்டை அத்தை கழுவி வைத்துக்கொண்டார். அதில் இப்போது சித்தியவானில் மிளகாய் காய்கிறது. நல்ல உறுதியான தட்டு, இன்னும் இருந்தால் கொண்டு வா என்றார். இருந்தன, கொண்டு போய்க் கொடுத்தேன்.

போன வாரம் போனில் பேசியபோது, பேச்சோடு பேச்சாக அடுத்த ஆடி அமாவாசையைப் பற்றிச் சொன்னார்.

"இனிமே கடல்ல ஒண்ணும் போட வேணாம்மா. நீ சொன்னதுதான் சரி. அந்த மரத்தடியிலயே வச்சிடலாம். அவரு அங்கதானே இருக்காரு. அடுத்த தடவ முட்ட கூட ரெண்டு வைக்கணும்."

கடலில் ஒன்றும் போட வேண்டாம். என் திருந்திய வாழ்க்கையில் யாராவது என் பேச்சைக் கேட்டு எதையாவது நிறுத்தியது இதுவே முதல் முறை. அம்மாக்கள் குழுவில் சொன்னால் கைதட்டல் படங்களாகக் குவியும். ஆனால் அந்த மரத்துக்கு இரண்டடி தள்ளி ஒரு பலகை நிற்கிறது. அதில் எழுதியிருப்பதை நான் இப்போது அத்தைக்குச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? அவர் குரல் அவ்வளவு இலேசாக இருந்தது. வாயைத் திறந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த கணவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"சரி அத்தை," என்றேன்.

ஆடி வர இன்னும் நாளிருக்கிறது. அதுவரை கவலைப்பட எனக்கு நேரம் கிடைக்கும்.